குணமாக்கியதும் குற்றம்

1782 பிப்ரவரியில் சூரிச் நகரச் செய்தித்தாள் ஒன்றில் அறிவிப்பு வந்தது. ஆன்னா கோல்டியைப் பிடித்துக் கொடுத்தால் நூறு கிரவுன் தாலர் பரிசு. பருத்த உடல், சிவந்த முகம் என்று அங்க அடையாளங்களும் உண்டு. அந்தப் பத்திரிகை இன்றும் வெளிவருகிறது.

சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் ஊரில் சூடி என்ற மருத்துவர் வீட்டு வேலைக்காரி அவர். மருத்துவர் நீதிபதியும்கூட. அவருடைய சின்ன மகளின் பாலில் ஊசிகள் கிடந்தன என்று 1781-இல் ஆன்னாவை விரட்டினார்கள். அவர் போன பிறகும் பிள்ளை ஊசி ஊசியாய்க் கக்கினாளாம். இதை ஊரே நம்பியது.

என்னை அதிகம் உறுத்துவது அந்தக் கால் விவகாரம்தான். பிள்ளையின் கால் முடங்கிவிட, பிடிபட்டுக் கைதியாக இருந்த ஆன்னாவையே அழைத்துவந்து குணமாக்கச் சொன்னார்கள். அவர் காலைப் பிடித்து நீவினார், பிள்ளை நடந்தாள். சூனியக்காரி இல்லையென்றால் எப்படி முடிந்தது? தப்ப வழியே இல்லாத கேள்வி! பிறகு கட்டைவிரல்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். சாத்தான் கறுப்பு நாயாய் வந்தான் என்று ஒப்புக்கொண்டார். யாரால் மறுக்க முடியும்? உடந்தை என்று பிடிபட்ட பூட்டுத் தொழிலாளி ஷ்டைன்முல்லர் சிறையிலேயே தூக்கிட்டுக்கொண்டார்.

தீர்ப்பில் சூனியம் என்ற பேச்சே இல்லை; விஷம் வைத்த குற்றம் என்றுதான் எழுதினார்கள். விஷம் வைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பிள்ளையோ உயிரோடு இருந்தாள். ஜூனில் ஆன்னாவின் தலையை வாளால் வெட்டினார்கள்.

அப்போதே நீதிமன்ற எழுத்தர் ஒருவர் ஆவணங்களை ரகசியமாக ஜெர்மன் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். கிளாரஸ் சட்டமன்றம் ஆன்னாவை நிரபராதி என்று அறிவித்தது 2008-இல்.