ஊரமைப்பும் பாகுபாடின்மையும்: சின்னசேலம், கல்வராயன் மலை

ஊரமைப்பும் பாகுபாடின்மையும் என்பது அரசுப் பணத்தில் உருவாகும் சாலை, குடிநீர், பள்ளி, வீட்டுமனை, மயானம் ஆகியவற்றைப் பற்றி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கும் பொதுக்கொள்கை. அவை எந்த இடத்தில் அமைகின்றன? அந்த இடத்துக்கு எல்லாரும் தடையின்றிப் போய்வர முடிகிறதா? மண்ணையும் நீரையும் காட்டையும் கெடுக்காமல் அவை நிலைக்குமா? தமிழ்நாட்டில் இக்கொள்கையின் வரலாறு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் சமவெளியும், அதை அடுத்து எழும் கல்வராயன் மலையும் அந்த வரலாற்றின் இரு முகங்களையும் காட்டுகின்றன. சமவெளியில் பாகுபாடு ஊருக்கும், காலனி எனப்படும் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் இடையிலான தூரமாக இருக்கிறது. மலையில் அது அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான தூரம்.

நிலமும் குடியிருப்பும்

சின்னசேலம், சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில் உள்ள பேரூர். சுற்றுவட்டாரத்தில் மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு, நெல் விளைகின்றன. இங்குள்ள சிற்றூர்களின் அமைப்பு வட தமிழ்நாட்டில் எங்கும் காண்பதுதான்: கோயிலையும் கடைத்தெருவையும் சுற்றி ஊர், வயலோ ஓடையோ தாண்டி ஆதிதிராவிடர் குடியிருப்பு, இரண்டுக்கும் தனித்தனி சுடுகாடு.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இது சின்ன கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாகச் சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பரந்திருக்கிறது. பட்டியல் பழங்குடியினரான மலையாளி மக்கள் இங்கே சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். கடுக்காயும் புளியும் சேகரிக்கிறார்கள். வெள்ளிமலை ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். கரியாலூர் மற்றொரு முக்கிய ஊர். மலையில் பெய்யும் மழையைக் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை தேக்கிக் கீழ்நிலங்களுக்கு அனுப்புகிறது. மலைக்காடு அழிந்தால் அணையில் வண்டல் சேரும். அணை தூர்ந்தால் சமவெளி வயல் காயும். ஆகவே மலையின் சாலையையும் சமவெளியின் வாய்க்காலையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் திட்டமிட வேண்டிய பகுதி இது.

தொடக்கம்: 1892–1947

செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், தம் மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமின்மை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892-இல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று இன்று அறியப்படுவது அப்படி வந்தது. மற்றவர்களுக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது.

1920 இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு. சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வீட்டுமனை, கிணறு, பாதை, பள்ளி ஆகியவற்றை அமைத்துத் தரும் பொறுப்போடு தொழிலாளர் ஆணையர் பதவி உருவானதும் அப்போதுதான். நகரின் தெருக்களையும் சந்தைகளையும் ஒரு சட்டம் வகுத்தது. சேரி மக்களுக்கான மனைகளை வேறொரு துறை தேடியது. இரண்டும் ஒரு மேசைக்கு வரவில்லை. தொழிலாளர் துறை வாங்கிய மனைகளால் நெருக்கடியில் தவித்த பல குடும்பங்களுக்குச் சொந்தக் கூரை கிடைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் நிலம் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சேரியை ஒட்டியோ ஊரின் எல்லைக்கு வெளியிலோ அமைந்ததால், வழக்கத்தால் நிலவிய பிரிவினை அரசின் நிலப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது. பின்னாளின் எத்தனையோ சிக்கல்களுக்கு வேர் இதுவே.

1924-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் இந்த நிலையை நேருக்கு நேர் எதிர்த்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்பதை அது அரசாணையாக்கியது. மற்றொரு தலைவரான எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1938-இல் வந்த சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம் அவ்வுரிமைக்கு மேலும் வலுச் சேர்த்தது.

அரசியலமைப்பும் முதல் திட்டங்களும்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15(2) பிரிவு, முழுவதுமாகவோ ஓரளவோ அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் காரணமாக ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. பாகுபாடின்மையை அரசுப் பணத்தோடும் இடத்தோடும் சேர்த்துக் கட்டிய பிரிவு இது. மீறலைத் தண்டிக்க 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989-இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன.

அடுத்து வந்தது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். வட்டாரத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் என அது படிநிலை வகுத்தது. நடைமுறையிலோ நகரங்களிலேயே பெரிதும் நின்றது. சிற்றூர்களில் எந்த நிலம் யாருக்கு என்பதை முடிவு செய்தது நலத்துறைகளே. ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு நிலம் எடுப்பதை விரைவுபடுத்த 1978-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நிலம் விரைவாகக் கிடைத்தது. ஊரின் நடுவில் கிடைக்கவில்லை.

நிதி ஒதுக்கீட்டில் ஒரு முக்கிய மாற்றம் 1970-களில் நிகழ்ந்தது. 1974–75-இல் பழங்குடியினர் துணைத் திட்டமும், 1979–80-இல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டமும் தொடங்கின. மக்கள்தொகையில் அவர்களின் பங்குக்குக் குறையாத நிதி அவர்களுக்கே சேர வேண்டும் என்பது இரண்டுக்கும் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு.

மலையின் தனி வரலாறு

சமவெளியில் இவ்வளவும் நடந்தபோது கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார்களுக்கே மலைமக்கள் வரி கட்டினார்கள். இதுபோன்ற நில மானியங்களை நீக்கும் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்த பிறகும் வழக்குகளால் கைமாற்றம் நீண்டது. 1976-இல்தான் மலையின் நிர்வாகம் அரசிடம் வந்து சேர்ந்தது. நாட்டின் பிற பகுதிகள் நான்கு ஐந்தாண்டுத் திட்டங்களைப் பார்த்துவிட்ட காலத்தில் இங்கே நிலத்துக்குச் சர்வே எண்ணே புதிதாகப் போட வேண்டியிருந்தது.

அதன்பின் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டத்தின் பகுதிகளில் ஒன்றாகக் கல்வராயன் மலை சேர்க்கப்பட்டது. உண்டு உறைவிடப் பள்ளிகள் எழுந்தன. விளைபொருளை வாங்கவும் கடன் கொடுக்கவும் லேம்ப்ஸ் எனப்படும் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆனாலும் சட்டக் காப்பில் ஓர் இடைவெளி இன்றும் இருக்கிறது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி 10 மாநிலங்களில் பட்டியல் பகுதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் பழங்குடிக் கிராமசபைக்குச் சிறப்பு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் கல்வராயன் மலைக்குப் பொருந்தாது.

காடும் சாலையும்

நீடித்த வளர்ச்சிக்கும் சம உரிமைக்கும் மோதல் வருவதுபோல் தோன்றும் இடம் மலைச்சாலை. காப்புக்காட்டில் சாலை போட 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதிக் கோப்பு நகராத ஆண்டுகளில், சாலை இல்லாத சிற்றூரில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் போர்வையில் தொட்டில் கட்டி, மூங்கில் கழியில் கோத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்வரை இறக்குவதே வழி. பேறுகால வலி எடுத்த பெண்ணுக்கும் அதே தொட்டில்தான். காட்டைக் காக்கும் பொறுப்பின் சுமையை அந்தப் பெண்ணின் மீது ஏற்றுவது நியாயம் ஆகாது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்குத் தெளிவான வழி சொல்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 எக்டேருக்கு மிகாமல், எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராமசபையின் பரிந்துரையோடு வனநிலம் தரலாம். காடும் காப்பாற்றப்படும், மக்களும் கைவிடப்பட மாட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 2008-இல் வந்த நீதிமன்ற இடைக்கால உத்தரவால் வன உரிமைப் பட்டா வழங்குவது நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே பணி தொடர்ந்தது.

சமத்துவபுரம்

ஊரமைப்பையே சாதி ஒழிப்புக் கருவியாக்கிய முயற்சி பெரியார் நினைவு சமத்துவபுரம். முதல்வர் மு.கருணாநிதி 1997-இல் அறிவித்த இத்திட்டத்தின் முதல் குடியிருப்பு மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாருக்கும் ஒரே அளவு மனை. வெவ்வேறு சாதியினர் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கும்படி ஒதுக்கீடு. பொது நூலகம், பொது விளையாட்டிடம், பொது மயானம். 2001-இல் ஆட்சி மாறியபின் தேங்கிய திட்டம் பின்னர் மீண்டும் உயிர்பெற்று, மாநிலமெங்கும் 200-க்கு மேற்பட்ட குடியிருப்புகளாக வளர்ந்தது. விழுப்புரம் மாவட்டம் கொழுவாரியில் 2022 ஏப்ரலில் ஒன்று திறக்கப்பட்டது.

பல சமத்துவபுரங்கள் பழைய ஊர்களிலிருந்து தள்ளி அமைந்ததால் பேருந்தும் வேலையும் எட்டாமல் போயின. சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. இருந்தும் அதன் அடிப்படை எண்ணம் இன்றும் செல்லும்: யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்பதை அரசு தீர்மானிக்கும் ஒவ்வொரு முறையும் சமூகத்தின் போக்கையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

ஊராட்சியிலிருந்து குடியிருப்புக்கு

2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய் தந்தது. 3 குடியிருப்புகள் உள்ள ஊராட்சிக்கும் 30 உள்ளதற்கும் அதே தொகை. சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களும் ஊருக்கு வெளியே உள்ள காலனிகளும் இதில் பின்தங்கின. 2011–12-இல் வந்த, தாய் எனப்படும் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் கணக்கையே மாற்றியது. 12,524 ஊராட்சிகளில் உள்ள 79,394 குடியிருப்புகளை அலகாகக் கொண்டு, குடியிருப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிதி வழங்கியது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, மயானம், மயானப் பாதை ஆகியவை அதன் முதன்மைப் பணிகள்.

இந்த மாற்றம் ஏன் பெரிது என்பதற்குக் குடிநீர் ஒன்றே போதும். மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் நிற்கிறது. கேட் வால்வும் அங்கேயே. குழாய் காலனியில் முடிகிறது. ஆபரேட்டர் முதலில் ஊருக்குத் திறந்துவிடுவார். கடைசித் தெருவுக்கு வருவதற்குள் அழுத்தம் குறைந்து சொட்டுச் சொட்டாக விழும். யாரும் யாரையும் விரட்டவில்லை. ஆனாலும் காலையில் வேலைக்குப் போகும் பெண்ணின் குடம் நிரம்பவில்லை. ஊராட்சிக் கணக்கிலோ இரண்டு தெருவுக்கும் குடிநீர் வழங்கியாகிவிட்டது.

பணம் போகும் வழியும் பாகுபாட்டை உண்டாக்கும். தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006-இல் முதற்கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் அன்றைய விழுப்புரமும் ஒன்று; கள்ளக்குறிச்சி அப்போது அதில் இருந்தது. ஒரே ஏரியில் எல்லாச் சாதியினரும் சேர்ந்து மண் வெட்டிய திட்டம் அது. 2021–22-இல் ஒன்றிய அரசு ஊதிய நிதியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் எனப் பிரித்து விடுவித்தது. சேர்ந்து வேலை செய்தவர்களில் சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும் கூலி வர, ஊர்களில் மனக்கசப்பு ஏற்பட்டது. தமிழ்நாடு அரசு பிரதமருக்கு எழுதியது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது.

அண்மைக்காலம்

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் உதயமானது. சின்னசேலம், கல்வராயன்மலை வட்டங்களுக்கு ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தது. 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி அன்று, சின்னசேலம் அருகே எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பட்டியல் சாதி மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு நுழைந்து வழிபட்டார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்துக்கு 60-க்கு மேற்பட்டோர் பலியானார்கள். அதன் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, பிழைப்பு ஆகியவை இல்லாத இடத்தில் சாராயம் காய்ச்சுவதைக் காவல்துறையால் மட்டும் நிறுத்த முடியாது என்ற உண்மை பொதுவெளிக்கு வந்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. மக்கள்தொகைக்கேற்ற ஒதுக்கீடு அதன் மூலம் சட்டக் கடமையானது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயரிலும், பழங்குடியினருக்குத் தொல்குடி என்ற பெயரிலும் தலா 1,000 கோடி ரூபாய்த் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன.

மதிப்பீடு

130 ஆண்டு வரலாற்றில் சட்டத்துக்கும் நிதிக்கும் பஞ்சமில்லை. குறைவு இருப்பது, இடத்தை முடிவு செய்யும் நேரத்தில் யார் பேசுகிறார்கள் என்பதில்தான். தொட்டியின் இடம், வால்வின் இடம், மயானப் பாதையின் போக்கு, மலைச்சாலை வளையும் திருப்பம் ஆகியவை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே காலனியிலும் மலைச் சிற்றூரிலும் கூடும் கிராமசபையில் வரைபடத்தோடு வைக்கப்பட வேண்டும். 15(2) பிரிவு தரும் உரிமைக்குச் சின்னசேலத்திலும் வெள்ளிமலையிலும் உயிர் கொடுப்பது அந்த நடைமுறையே. பெசா பொருந்தாவிட்டாலும் அதைச் செய்ய இன்றிருக்கும் சட்டங்கள் போதும்.