சென்னையில் ரூம் தேடும் மாணவரா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிச்சுட்டுப் போங்க!

கவுன்சிலிங் முடிஞ்சு சென்னையில் சீட் கிடைச்சாச்சு. ஆனா கல்லூரி விடுதியில் இடம் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் வெளியூரில் இருந்து வரும் ஏராளமான மாணவர்களின் நிலை இதுதான். வீட்டில் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணத்தில், கல்லூரி கட்டணத்துக்கு அடுத்து மொத்தமாகக் கை மாறும் தொகை அட்வான்ஸ்தான். அது முழுசாகத் திரும்பி வருமா என்பதில்தான் பலருக்கும் சிக்கல்.

எந்த ஏரியா?

கிண்டி பக்கம் படிப்பவர்கள் சைதாப்பேட்டை, வேளச்சேரி என்றும், லயோலா கல்லூரி மாணவர்கள் சூளைமேடு என்றும் தேடுவது வழக்கம். சேப்பாக்கம் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன. அறை சின்னது, ஆனால் தெருவுக்குத் தெரு மெஸ் உண்டு. செலவைக் குறைக்க நினைத்தால் கடற்கரை - செங்கல்பட்டு புறநகர் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று போகலாம். மாணவர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு.

"ஸ்டேஷன் பக்கம்தான் தம்பி, அஞ்சு நிமிஷம்" என்று புரோக்கர் சொன்னால், அது பைக்கில் அஞ்சு நிமிஷம். ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க.

தரைத்தள வீடு என்றால் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று ஓனரிடம் கேட்காதீங்க, எதிரே இருக்கும் டீக்கடையில் கேளுங்க. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பகுதிகள் பட்ட பாடு அங்கே இருப்பவர்களுக்கு நல்லாவே தெரியும். குழாயில் வருவது உப்புத் தண்ணீரா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வருமா, அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் அப்படியே விசாரிச்சுடுங்க.

அட்வான்ஸ்: சட்டம் என்ன சொல்லுது?

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பல காலப் பழக்கம். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

இதில் ஒரு ஓட்டை இருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் இந்த மூன்று மாத வரம்பு பொருந்தாது. அதாவது பத்து மாதம் என்று எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டம் பேச முடியாது. அதனால் பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னாடிதான். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். அரசின் இணையதளத்திலேயே இதைச் செய்யலாம்.

காலி செய்யும்போது "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சுக்குவோம்" என்பது இங்கே ரொம்ப சகஜம். அப்படி உண்டா, இல்லையா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிடுங்க. கரன்ட் பில்லும் அப்படித்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் சப் மீட்டர் வைத்து ஒரே ரேட்டில் வசூலிக்கும் வீடுகளில் அந்தச் சலுகை உங்க கைக்கு வராது.

ஹாஸ்டல், பிஜி என்றால்?

படுக்கைக்கு இவ்வளவு என்று தரும் இடங்களில் பெரும்பாலும் ஒப்பந்தமே இருக்காது. கையில் இருக்கும் ஒரே ஆதாரம் ரசீதும், பணம் அனுப்பிய பதிவும்தான். ரொக்கமாகக் கொடுக்காமல் அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்க. பில்லில் ஜிஎஸ்டி போட்டால் கேள்வி கேளுங்க. மாதம் ஒருவருக்கு 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் 2024 ஜூலை 15 முதல் வரிவிலக்கு உண்டு.

பெண்கள் விடுதிக்கு உரிமம் கட்டாயம். 2014-ல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் ரகசிய கேமராக்கள் சிக்கிய பிறகுதான், பதிவு செய்யாத விடுதிகள் மீது அதிகாரிகளின் பார்வை திரும்பியது. உரிமத்தைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. "அதெல்லாம் உள்ளே இருக்கும்மா" என்று மழுப்பினால் அடுத்த விடுதியைப் பாருங்க.

ஆன்லைன் மோசடி

வீட்டுப் படம் அழகா இருக்கும், வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவா இருக்கும். ஓனர் ராணுவத்தில் வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்வார். டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினால் சாவி வரும் என்பார். சாவி வராது. நேரில் பார்க்காத அறைக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. ஏற்கெனவே அனுப்பிட்டீங்கன்னா உடனே 1930 எண்ணுக்கு அழைக்கணும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

"நீங்க என்ன ஆளுங்க?"

பேச்சிலருக்கு வீடு இல்லை, சைவம் மட்டும் என்ற நிபந்தனைகளோடு, சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்கும் ஓனர்கள் இன்னமும் இருக்காங்க. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நுழையும்போதே இதைக் கேட்கும் வீட்டில் மூன்று வருஷம் நிம்மதியாக இருப்பது கஷ்டம்தான்.

முதல் மாதம்

ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் கல்லூரி மாணவர் விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். விண்ணப்பிக்காமலேயே தனியாரிடம் போகிறவர்கள் நிறைய பேர். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரண கட்டண மாநகரப் பேருந்தில் கட்டணமே கிடையாது. மாசக் கடைசியில் கை கடிச்சா அம்மா உணவகம் இருக்கு, இட்லி ஒரு ரூபாய்தான். கல்லூரியிலோ விடுதியிலோ சீனியர்கள் தொல்லை கொடுத்தால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

அறைக்குள் பெட்டியை வைக்கும் முன் சுவர், ஃபேன், குழாய், கதவு எல்லாவற்றையும் மொபைலில் வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கோடு சேர்த்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. காலி செய்யப் போவதையும் ஒரு மாதம் முன்னாடியே அதே சாட்டில் எழுதிடுங்க.