கிபிர் வந்த வழி

“கிபிர் வருது, பங்கருக்குள்ள ஓடுங்கோ!” வன்னியில் பிறந்த எங்களில் பலருக்கு நினைவு தெரிந்த நாளில் கேட்ட வசனம் இது. ‘கிபிர்’ ஹீப்ரு மொழிச் சொல், பொருள் சிங்கக்குட்டி என்பது கம்பஸுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இந்த விமானம் பிறந்ததே ஓர் ஆயுதத் தடையால்தான். 1967 போரை ஒட்டி பிரான்ஸ் இஸ்ரேலுக்கு மிராஜ் விமானங்களைக் கொடுக்க மறுத்தது. இஸ்ரேல் மிராஜின் வடிவத்தை எடுத்து, அமெரிக்க எஞ்ஜின் பூட்டி, கிபிரைத் தானே செய்தது. அந்த எஞ்ஜின் இருப்பதால் வேறு நாட்டுக்கு விற்க அமெரிக்காவின் சம்மதமும் வேண்டும்.

இலங்கை 1970இல், சிறிமாவோ காலத்தில், இஸ்ரேலுடனான உறவை முறித்தது. 1983க்குப் பிறகு மேற்கு நாடுகள் நேரடியாக ஆயுத உதவி செய்யத் தயங்கின. 1984இல் ஜே.ஆர். கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் பிரிவு இயங்க இடம்கொடுத்தார். முஸ்லிம் மக்கள் எதிர்த்தார்கள். 1990இல் பிரேமதாச அதை மூடினார். ஆனாலும் 1996இல் கிபிர்கள் வந்து இறங்கின. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. மே மாதமே முழு இராஜதந்திர உறவு திரும்பியது. இடையில், 1988இல், பாலஸ்தீனத்தை அங்கீகரித்ததும் இதே இலங்கைதான்.

“போர் நடக்கும்போது, தர மறுப்பவரிடம் காத்துக்கொண்டிருக்க ஏலுமா?” என்பது அரசுப் பக்க நியாயம். லேசில் தள்ளிவிட முடியாத கேள்விதான். எங்கட பக்கமும் சுத்தமில்லை. ஈரோஸ்காரர் லெபனானில் பாலஸ்தீனியரிடம் பயிற்சி எடுத்தார்கள். புலிகள் உலகக் கள்ளச் சந்தையில் ஆயுதம் வாங்கினார்கள். விற்கிறவன் ஆர் என்று அவர்களும் பார்க்கவில்லை.

ஆனால் கேள்வி கேட்காத வியாபாரியிடம் வாங்கினால், குண்டு எங்கே விழுந்தது என்று கேட்கவும் ஆளில்லை. 2006 ஆகஸ்ட் 14, வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் கிபிர்கள் குண்டு வீசின. மாணவிகள் பலர் செத்துப்போனார்கள். அது பயிற்சி முகாம் என்றது அரசு. விற்ற நாடோ, எஞ்ஜினுக்குச் சம்மதித்த நாடோ அதற்குப் பிறகும் பொறுப்பேற்கவில்லை.

இன்று காசாப் படங்களை நாங்கள் போனில் பகிர்கிறோம். பகிரத்தான் வேண்டும். கூடவே, ‘பாதுகாப்புக் கொள்வனவு’ என்று செய்தி வரும்போதெல்லாம் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகுவோம்: ஆரிடம் வாங்கினம்? பதிலுக்கு எதை விட்டுக்கொடுத்தினம்? அது ஆற்றை தலையில விழும்?