ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தே ரத்தத்தை உறைய வைக்குமா?

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம். திடீரெனக் காலில் வீக்கம், வலி. ரத்தக்கட்டி வராமல் இருக்கத்தான் ஹெப்பரின் ஊசி போட்டார்கள். அப்புறம் எப்படி?

அந்த மருந்தே காரணமாக இருக்கலாம். மருத்துவர்கள் இதை 'ஹிட்' என்பார்கள். அரிதுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் கால், சில வேளைகளில் உயிரே போகலாம்.

என்னதான் நடக்குது?

ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வெளியிடும் 'பிஎஃப்4' என்ற புரதத்தோடு ஹெப்பரின் ஒட்டிக்கொள்கிறது. சிலரின் உடல் அந்தச் சேர்க்கையை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அதில் தட்டணுக்கள் உசுப்பப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணிக்கை சரியும், ரத்தமும் உறையும்.

எப்போது சந்தேகப்படுவார்கள்?

பொதுவாக மருந்து தொடங்கிய 5 முதல் 10 நாளில். கடந்த மூன்று மாதத்துக்குள் ஹெப்பரின் போட்டிருந்தால், ஒரே நாளில்கூட வரலாம். தட்டணு எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்தால் எச்சரிக்கை. 300,000 இருந்தது 140,000 ஆனால், 'கொஞ்சம்தானே கம்மி' என்று விட முடியாது.

மருந்தை நிறுத்தினால் போதுமா?

போதாது. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

சந்தேகம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஹெப்பரின் அனைத்தையும் நிறுத்துவார்கள். ஊசிக்குழாயைக் கழுவப் பயன்படும் சிறு அளவும் அதில் அடங்கும். எனோக்ஸாபரினுக்கும் மாற முடியாது. அதுவும் அதே குடும்பம். நிறுத்திய பிறகும் ரத்தம் உறையும் ஆபத்து நீடிப்பதால் ஆர்கட்ரோபன், ஃபோண்டாபாரினக்ஸ் போன்ற வேறு மருந்தை உடனே தொடங்க வேண்டும்.

வார்ஃபரின்? உடனே கூடாது. ரத்த உறைவைத் தடுக்கும் இயற்கைப் புரதம் ஒன்றை அது முதலில் குறைத்துவிடும். கை, கால் அழுகும் அபாயமும் உண்டு. எண்ணிக்கை 150,000-ஐ எட்டும்வரை பொறுத்திருப்பார்கள். கடும் ரத்தக்கசிவு இல்லாவிட்டால் தட்டணுக்களை ஏற்றுவதையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு?

பாட்டியிடம் கேட்டால் "வயித்துல ஏதோ ஊசி போட்டாங்க" என்பார். மருந்தின் பெயரை நீங்கள் கேட்டு எழுதி வையுங்கள். ஹிட் வந்தவர் டயாலிசிஸுக்கோ இதய அறுவை சிகிச்சைக்கோ போனால், முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டிலும் ஹெப்பரின் வழக்கமாகப் பயன்படுகிறது.