சிகரெட் பெயரில் தப்பிய பாட்டுகள்

திருப்பதியைச் சுற்றிய சித்தூர்ச் சீமையில் தமிழ் பேசுகிறவர்களுக்கும் தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் பொதுவாகத் தெரிந்த கதை ஒன்று உண்டு. திருமலைக் கோயிலுக்குள், உண்டியலுக்கு எதிரே உள்ள சங்கீர்த்தன பண்டாரம் என்ற சிறிய அறையில், 1920களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரும் (1408–1503) அவர் வழி வந்தவர்களும் இயற்றிய பாடல்கள் அவற்றில் இருந்தன. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. ஸ்வரக் குறிப்பு இல்லை. சொல் இருந்தது, இயற்றியவர் பெயர் இருந்தது, ஓசை மட்டும் போய்விட்டது. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் பிற்காலத்தில் உட்கார்ந்து மெட்டமைத்த பிறகுதான் அவற்றில் பல மறுபடி பாட்டாயின. இதற்கு நேர் எதிரான ஒரு கண்டெடுப்பு நம் காலத்தில் நடந்திருக்கிறது. 1970ஐ ஒட்டி இந்திய நகரங்களில் முரட்டு கிட்டார் இசை வாசித்த இளைஞர் குழுக்களின் பதிவுகள் மறுபடி கிடைத்தன. அவற்றில் ஓசை முழுதாக இருக்கிறது. வாசித்தவர்கள் யார், எந்த ஊர், பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் பெரும்பாலும் இல்லை. தரம் போதாமல் இந்தப் பதிவுகள் மறைந்து போகவில்லை. எடுத்து வைக்கும் கடமை யாருக்கும் இல்லாததால்தான் மறைந்தன என்பதே என் வாதம்.

அந்தக் குழுக்களின் குரல் இன்று நமக்குக் கேட்பதற்குக் காரணம் ஒரு சிகரெட். இந்தியா டொபாக்கோ நிறுவனத்தின் சிகரெட் வகைகளில் ஒன்றுக்குச் சிம்லா என்று பெயர். அதை இளைஞர்களிடம் கொண்டுபோக அந்நிறுவனம் 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் அனைத்திந்திய அளவில் நடத்திய இசைக்குழுப் போட்டிதான் சிம்லா பீட். பல ஊர்களில் வென்ற குழுக்கள் பம்பாயில் கூடி வாசித்தன. போட்டிக்கு வந்தவர்களின் பாட்டுகளைத் தொகுத்து 1970இலும் 1971இலும் இரண்டு எல்பி இசைத்தட்டுகள் வெளிவந்தன. சென்னையின் கன்ஃபியூஷன்ஸ், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர், பம்பாயின் வெல்வெட் ஃபாக் ஆகிய குழுக்கள் அந்த இரண்டு தட்டுகளால்தான் தப்பின. அந்தக் குழுக்களில் பலவற்றுக்கு அவற்றைத் தவிர வேறு பதிவே கிடையாது. புகையிலை விற்கிறவன் பிள்ளைகளுக்கு மேடை போட்டுக் கொடுத்தான் என்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த மேடை இல்லாவிட்டால் இந்தச் சான்றும் நமக்கு இருந்திருக்காது. முதல் தட்டில் ஃபென்டோன்ஸ் வாசித்த ஒரு பாட்டின் பெயரே சிம்லா பீட் தீம். விளம்பரத்துக்கென்று வாசிக்கச் சொன்ன இடத்திலும் அந்த ஷில்லாங் பையன்கள் முழு மூச்சோடுதான் வாசித்திருக்கிறார்கள்.

தட்டைச் சுழலவிட்டுக் கேட்டால் இன்னொரு சேதியும் தெரிகிறது. 1970ஆம் ஆண்டுத் தட்டில் அமெரிக்காவின் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் பாட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று டைனோசார்ஸ் வாசித்த சினிஸ்டர் பர்ப்பஸ், மற்றது எக்ஸ்லென்ட்ஸ் வாசித்த பார்ன் ஆன் தி பயூ. இரண்டும் அமெரிக்காவிலேயே 1969இல்தான் ஆல்பத்தில் வந்தவை. வெளிநாட்டு இசைத்தட்டு எளிதில் கைக்கு வராத காலம் அது. அயல்நாட்டு கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் தீர்வையாலும் எட்டாத விலையில் இருந்தன. கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டாரையும் ரேடியோ மெக்கானிக் கட்டிக் கொடுத்த ஆம்ப்ளிஃபயரையும் வைத்துப் பல குழுக்கள் ஒப்பேற்றின. ரேடியோ சிலோனைக் காது வைத்துக் கேட்டும், கப்பலில் வந்த ஒரே ஒரு தட்டைப் பத்துப் பேர் கைமாற்றித் தேய்த்துக் கேட்டும் பாடம் பண்ணியிருக்கிறார்கள். கல்கத்தாவிலிருந்து 1967 முதல் 1977 வரை வந்த ஜூனியர் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை அவர்களுக்குச் செய்தித்தாளாக இருந்தது. அப்படியிருந்தும் அமெரிக்காவில் புதிதாக வந்த பாட்டு ஏறக்குறைய ஓராண்டிலேயே இந்திய மேடையேறியிருக்கிறது. இந்தியா எல்லாவற்றையும் பத்து வருடம் தாமதமாகத்தான் பெற்றது என்ற வழக்கமான பேச்சை இந்த ஒரு தட்டே மறுக்கிறது.

இந்தக் குழுக்களின் இசையை ஹெவி மெட்டல் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கண்டிப்பாகக் கேட்க வேண்டிய கேள்விதான். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் மனதில் எழும் ஓசை இந்தத் தட்டுகளில் இல்லை. இதில் இருப்பது கராஜ் ராக்கும் ப்ளூஸும் சைக்கடெலிக்கும் கலந்த ஒன்று. ஆனால் ஆண்டைப் பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வந்த பிளாக் சாபத் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது 1970 பிப்ரவரி 13. அந்த வகைக்கு அப்போது நிலையான பெயர் கிடையாது; பின்னால் வந்தவர்கள் திரும்பிப் பார்த்து வைத்ததுதான் பெரும்பகுதி. அப்படித் திரும்பிப் பார்க்கையில் வேர் எங்கெல்லாம் ஓடியது என்று தேடுவதே முறை. சிம்லா பீட் தட்டில் ஹிப்னாடிக் ஐ என்ற குழு வாசிக்கும் கில்லிங் ஃப்ளோர், சிகாகோவின் ஹவ்லின் வுல்ஃப் 1964இல் பதிந்த ப்ளூஸ் பாட்டு. 1969இல் லெட் செப்பலின் தங்கள் லெமன் சாங்குக்கு எடுத்துக்கொண்டதும் அதே பாட்டைத்தான். ஒரே ஊற்றிலிருந்து லண்டனும் மொண்டது, நாமும் மொண்டோம். பெயருக்கு முழுத் தகுதியுடைய மெட்டல் குழுக்கள் இந்தியாவில் வந்தது 1980களின் பின்பகுதியில். பம்பாயின் ராக் மெஷின் 1988இல் சொந்தப் பாட்டுகளோடு ஆல்பம் போட்டது. பெங்களூரில் மில்லேனியம் எழுந்தது. ஆகவே சிம்லா பீட் தட்டுகளை மெட்டல் என்று நான் சொல்லவில்லை; அதன் முன்வாசல் என்கிறேன்.

இவை ஏன் மறைந்தன என்பதற்கு இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். 1979 முதல் அங்கே நூற்றுக்கணக்கான சிறு மெட்டல் குழுக்கள் கிளம்பின. பெரிய நிறுவனங்கள் கதவைத் திறக்காதபோது, சொந்தக் காசில் சில நூறு தட்டுகள் அச்சடித்துக்கொள்ள அங்கே வழி இருந்தது. டயமண்ட் ஹெட் குழு 1980இல் தன் முதல் ஆல்பத்தைப் படமில்லாத வெள்ளை உறையில் தானே வெளியிட்டது. அதைத் தேடி வாங்கியவர்களில் ஒருவர் பின்னாளில் மெட்டாலிகாவின் டிரம்மரான லார்ஸ் உல்ரிச். அவரே 1990இல் பத்திரிகையாளர் ஜெஃப் பார்ட்டனோடு சேர்ந்து அந்த மறந்துபோன குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அச்சான தட்டு கொஞ்சமேனும் பரவியிருந்ததால் தேடவும் முடிந்தது, மீட்கவும் முடிந்தது. இந்தியாவில் நிலைமை வேறு. 1908இல் கல்கத்தா சியால்டாவில் தொடங்கி, 1928இல் டம்டமுக்குப் போன கிராமபோன் கம்பெனியின் ஆலைதான் நெடுங்காலம் இந்த நாட்டின் தட்டுத் தொழிலையே கையில் வைத்திருந்தது. பாலிடோர் நிறுவனம் போட்டியாக வந்ததே 1970ஐ ஒட்டித்தான். சினிமாப் பாட்டு விற்கிற ஆலைக்கு, ஆங்கிலத்தில் உரத்து வாசிக்கும் நான்கு பையன்களின் தட்டை அச்சடிக்க எந்த அவசரமும் இல்லை. ஒரு குழு தானே போய் அச்சடித்துக்கொள்ளும் வழி அநேகமாக அடைபட்டிருந்தது. சிகரெட் கம்பெனியின் விளம்பரச் செலவு மட்டுமே திறந்திருந்த சந்து.

அச்சான பிறகும் காப்பு கிடையாது. 1954ஆம் ஆண்டுப் புத்தக வழங்கல் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் பம்பாய், டெல்லி நூலகங்களுக்கும் போக வேண்டும். 1956இல் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தார்கள். இசைத்தட்டை அந்தச் சட்டம் தொடவில்லை. சினிமாவுக்குப் பூனாவில் 1964இல் தேசிய ஆவணக் காப்பகம் வந்தது. கர்நாடக, இந்துஸ்தானி இசைக்கு அகில இந்திய வானொலியின் ஒலிநாடாக்கள் இருந்தன. நாட்டார் இசையும் செவ்விசையும் பதிந்த ஆய்வாளர்களுக்கு 1982இல் ஒரு தனி ஆய்வுக் காப்பகம் அமைந்தது. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் போன்ற தனிமனிதர்கள் பல்லாயிரம் பழைய தட்டுகளைத் தம் வீட்டுக்குள் காத்தார்கள். அவர்கள் நாட்டமும் பெரிதும் 78 சுழற்சித் தட்டுகளிலும் திரைப்பாட்டிலுமே இருந்தது. செவ்விசையும் அல்லாத, சினிமாவும் அல்லாத ஒன்றை எந்த அலமாரியில் வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. தாள்ளபாக்கத்துப் பாட்டுக்கு ஒரு கோயில் இருந்தது, அறை இருந்தது, காவல் இருந்தது. சென்னையில் கன்ஃபியூஷன்ஸ் வாசித்த பாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆங்கிலம் தெரிந்த சில நகரத்து இளைஞர்கள் வெளிநாட்டாரைப் பார்த்து வாசித்ததற்கு இவ்வளவு ஆவணம் எதற்கு என்று கேட்கலாம். இந்த ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். மக்கள் நினைவில் ஒரு பாட்டு நிற்க மொழி வேண்டும். அதே காலத்தில் இலங்கையில் நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு தமிழில் பாடிய சின்ன மாமியே, பல்கலைக்கழக விடுதியிலும் கல்யாண வீட்டிலும் வாய்வழியே பரவிக் கடல் தாண்டியது. எந்தக் காப்பகமும் அதற்குத் தேவைப்படவில்லை, ஏனெனில் பாடுகிறவர்கள் இருந்தார்கள். சென்னைக் குழுக்கள் ஆங்கிலத்தில் வாசித்தன. அவற்றுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. ஆனால் மக்கள் பாடவில்லை என்பது மறதிக்குக் காரணமாகலாம், அழிவுக்கு நியாயமாகாது. பார்த்து வாசித்தார்கள் என்ற குற்றச்சாட்டும் முழுதாக நிற்காது. ரோலிங் ஸ்டோன்ஸ் தொடங்கியதே சிகாகோ ப்ளூஸைப் பார்த்து வாசித்துத்தான். அவர்களுக்குப் பத்தாண்டு கொடுத்த உலகம் நம் பையன்களுக்கு ஒரு போட்டியும் ஒரு தட்டுமே கொடுத்தது. கன்ஃபியூஷன்ஸின் வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் ஸோல் போன்ற பாட்டில் சொந்தமாக எதையோ தேடும் முயற்சி காதுக்குத் தெரிகிறது. அது முதிர்ந்ததா என்று கேட்டால் இல்லை. முதிர அவகாசம் கிடைக்கவில்லை. நகரத்து வசதிக்காரர்கள் என்பதும் பொத்தாம்பொதுவான பேச்சு. ஷில்லாங் பெருநகரம் அல்ல. இந்தக் குழுக்களில் கை தேறியவர்களில் ஆங்கிலோ-இந்தியர்களும் தேவாலயப் பாடகர் குழுவில் சுரம் கற்றவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள்ளும் கிட்டாரையும் டிரம்ஸையும் கொண்டுபோனார்கள். தமிழ் சினிமாப் பாட்டின் மின் கிட்டார் எங்கிருந்து வந்தது என்று எழுத முனைகிறவருக்கு இந்தத் தட்டுகள் இல்லாமல் முதல் அத்தியாயம் இல்லை.

மீட்டெடுத்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார். சிம்லா பீட்டின் இரண்டு தட்டுகளையும் பிற்காலத்தில் ஒரு ஜெர்மன் நிறுவனம் சிடியாகக் கொண்டுவந்தது. பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவின் அப்செஷன் 77, குழு கலைந்த பிறகு 1981இல் இங்கே வெளிவந்து கேட்பாரற்றுக் கிடந்தது. அமெரிக்காவின் நவ்-அகெய்ன் 2011இல் அதை மறுபடி வெளியிட்டது. அதே நிறுவனம் ஜாம்பியாவின் 1970களின் ராக் இசையையும், குறிப்பாக விட்ச் குழுவையும், உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது. இது நம் சொத்தை அயலார் விற்பது ஆகாதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபத்துக்கு இடம் இருக்கிறது, ஆனால் அதை எடுத்துப் பார்க்காத நம் நிறுவனங்கள் மீதும் அந்தக் கோபம் திரும்ப வேண்டும். நான் பார்க்கும் அளவுகோல் வேறு: பதிவோடு ஆளும் மீட்கப்பட்டாரா? சரண்ஜித் சிங் 1982இல் சிந்தசைசரில் ராகங்களை வாசித்துப் போட்ட தட்டு ஹெவி மெட்டல் அல்ல. ஆனால் அதன் கதை இங்கே பொருந்தும். டச்சுக்காரர் ஒருவர் இந்தியாவில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து 2010இல் மறுவெளியீடு செய்தார். சரண்ஜித் சிங் உயிரோடு இருந்தார். ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை மறுபடி வாசித்துவிட்டு 2015இல் மறைந்தார். தட்டின் உறையில் இருந்த பெயருக்கு ஒரு முகமும் முகவரியும் கிடைத்தன. சிம்லா பீட்டில் வாசித்த பலருக்கு அது நடக்கவில்லை. குழுவின் பெயர் மட்டும் அச்சாகி, ஆட்களின் பெயர் தெரியாமல் போனால், மறுவெளியீடு செய்த நிறுவனம் உரிமைத் தொகையை யாரிடம் கொடுக்கும் என்ற எளிய கேள்விக்குக்கூட விடை இல்லை.

திருமலைச் செப்பேடுகளுக்கு மெட்டமைக்க ஐந்நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் உட்கார முடிந்தது, ஏனென்றால் செம்பு காத்திருந்தது. வினைல் தட்டும் காத்திருக்கும். கீறல் விழுந்தாலும் ஊசி பட்டால் பாடும். காத்திருக்க முடியாதவர்கள் வாசித்தவர்கள். 1970இல் இருபது வயதில் மேடையேறியவருக்கு இப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது. கன்ஃபியூஷன்ஸின் பாட்டில் அந்த கிட்டாரை வாசித்தது யார், அதன் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக் கொடுத்தது சென்னையின் எந்தத் தெரு மெக்கானிக், பம்பாய்க்கு எந்த ரயிலில் போனார்கள், திரும்பி வந்து என்ன வேலைக்குப் போனார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும், குடிபெயர்ந்து ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இன்னும் இருக்கலாம். ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் சில மாதங்களும் இருந்தால் இந்த வேலையைச் செய்துவிடலாம்.