செவ்வாய்க்கு மனிதர்கள் போக முடியுமா? போனால் திரும்பி வர முடியுமா? எளிய விளக்கம்

வாசுதேவநல்லூரில் இருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகப் போனால் செங்கோட்டை. சூரியனை ஆய்வு செய்யும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜியின் சொந்த ஊர் அது. அதே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டித் தெற்கே போனால், நெல்லை மாவட்டம் பணகுடி பக்கத்தில் மகேந்திரகிரி. இஸ்ரோ தனது ராக்கெட் இன்ஜின்களைத் தரையில் ஓடவிட்டுச் சோதிக்கும் இடம். மங்கள்யான் திட்ட இயக்குநராக இருந்த சுப்பையா அருணனும் நெல்லை மாவட்டத்துக்காரர்தான்.

"மங்கள்யான் போயாச்சு, அடுத்து மனுஷங்க எப்போ போவாங்க?" என்ற கேள்வி இந்தப் பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்கு வருவது இயல்பு. முடியுமா, முடியாதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு தூரம்?

பூமிக்கு மிக நெருக்கமாக வரும்போதே செவ்வாய் சுமார் 5.5 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும். விலகிப் போகும்போது அது 40 கோடி கிலோமீட்டர்.

ஒரு பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், எங்கும் நிற்காமல் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 5.5 கோடி கிலோமீட்டரைக் கடக்க 104 வருஷம் ஆகும். ககன்யான் திட்டத்தில் இந்திய வீரர்கள் போகப்போகும் உயரம் சுமார் 400 கிலோமீட்டர். அதே பஸ் ஏழு மணி நேரத்துக்குள் போய்விடும். வாசுதேவநல்லூரில் இருந்து சென்னை போகும் தூரத்தை விடவும் குறைவு!

ராக்கெட்டில் போனால் செவ்வாய்க்கு 6 முதல் 9 மாதங்கள் ஆகும். அதுவும் நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு வருவது சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான்.

திரும்பி வரவும் இதே கணக்குதான். அதனால் போனவர்கள் அடுத்த வாய்ப்புக்காக அங்கேயே ஒன்றரை வருஷம் வரை காத்திருக்க வேண்டும். மொத்தப் பயணம் ஏறக்குறைய மூன்று வருஷம்.

மங்கள்யான் போனதே, மனிதர்கள் போகக் கூடாதா?

2013 நவம்பர் 5ஆம் தேதி கிளம்பிய மங்கள்யான், 2014 செப்டம்பர் 24ஆம் தேதி செவ்வாயின் சுற்றுப்பாதையைத் தொட்டது. வழியில் அதன் முக்கிய இன்ஜின் சுமார் 300 நாட்கள் எரியாமல் சும்மா கிடந்தது. அது மறுபடியும் எரியுமா? அதுதான் அப்போது இஸ்ரோவுக்கு இருந்த பெரிய கவலை.

செப்டம்பர் 22ஆம் தேதி வெறும் 4 விநாடி எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது. இரண்டு நாள் கழித்து சுமார் 24 நிமிடங்கள் எரிந்து, விண்கலத்தின் வேகத்தைக் குறைத்து, சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அப்போது ஒரு சிக்னல் போய்ச் சேரவே சுமார் 12 நிமிடங்கள் ஆனது. அதனால் எல்லாக் கட்டளைகளையும் முன்கூட்டியே விண்கலத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

அந்த இன்ஜின் எரியாமல் போயிருந்தால் 450 கோடி ரூபாய் திட்டம் வீண். வருத்தம்தான், ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. உள்ளே நாலு பேர் இருந்திருந்தால்? மங்கள்யானுக்கும் மனிதப் பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தவிர, மங்கள்யான் திரும்பி வர வேண்டியதில்லை. 2022 வரை தொடர்பில் இருந்தது, பிறகு ஓய்ந்துவிட்டது.

மனிதர் ஏறும் ராக்கெட் என்றால் என்ன வித்தியாசம்?

மகேந்திரகிரியில் நடந்த ஒரு சோதனையைப் பார்த்தாலே புரியும். ககன்யானுக்கான சிஇ-20 கிரையோஜெனிக் இன்ஜின், மனிதப் பயணத்துக்குத் தகுதியானது என்று காட்ட 2024 பிப்ரவரி 13ஆம் தேதி கடைசிக்கட்டத் தரைச் சோதனை முடிந்தது. அதற்குள் 4 இன்ஜின்களை, 39 முறை, மொத்தம் 8,810 விநாடிகள் எரித்துப் பார்த்திருந்தார்கள். விதிப்படி தேவைப்பட்டது 6,350 விநாடிகள்தான்.

அதாவது, ஒரு பயணத்தில் 10 நிமிடங்களை ஒட்டி எரியும் இன்ஜினுக்கு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரச் சோதனை. அதுவும் 400 கிலோமீட்டர் பயணத்துக்கு!

ககன்யானில் கிளம்பும்போது ஏதாவது ஆபத்து என்றால், வீரர்களைப் பிரித்துத் தூக்கி வந்து கடலில் இறக்கும் ஏற்பாடு உண்டு. செவ்வாய்க்குப் போகும் வழியில் கோளாறு வந்தால் பாதியில் யூ-டர்ன் போட முடியாது. உதவி கேட்டாலும், தூரத்தைப் பொறுத்து அந்தக் குரல் பூமிக்கு வந்து சேரவே 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும்.

உடம்பு தாங்குமா?

எடையற்ற நிலையில் உடலின் பாரத்தைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் தேயும். தினமும் உடற்பயிற்சி செய்து இதைக் குறைக்கலாம். ஒரே பயணத்தில் அதிக நாள் விண்வெளியில் இருந்தவர் ரஷ்யாவின் வலேரி போல்யகோவ், 437 நாட்கள். செவ்வாய்ப் பயணம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொன்று கதிர்வீச்சு. போக வர மட்டுமே சுமார் 0.66 சீவர்ட் கதிர்வீச்சு உடலில் படும் என்று கியூரியாசிட்டி விண்கலம் போகும் வழியில் எடுத்த அளவீடுகள் காட்டின. நாசா தன் வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 0.6 சீவர்ட்தான்.

சாப்பாடு? 4 பேருக்கு மூன்று வருஷத்துக்குச் சுமார் 11 டன் உணவு வேண்டும் என்பது நாசாவின் கணக்கு. நம் எல்விஎம்-3 ராக்கெட் பூமிக்குப் பக்கத்தில் உள்ள சுற்றுப்பாதைக்குச் சுமந்து போவதே சுமார் 8 டன்.

அங்கே இறங்கி, கிளம்பி வர முடியுமா?

செவ்வாயின் காற்றழுத்தம் நம் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பாராசூட் மட்டும் போதாது. இதுவரை பத்திரமாக இறங்கியதில் அதிக எடை கொண்டது பெர்சிவரன்ஸ், சுமார் 1 டன். மனிதர்களோடு இறங்கும் கலம் பல பத்து டன் இருக்கும்.

திரும்பி வருவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். 4 பேர் செவ்வாயில் இருந்து கிளம்ப 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் வேண்டும். இவ்வளவையும் இங்கிருந்து தூக்கிப் போக முடியாது என்பதால், செவ்வாய்க் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடில் இருந்தே ஆக்சிஜன் எடுக்கும் மாக்ஸி என்ற கருவியைப் பெர்சிவரன்ஸில் அனுப்பினார்கள்.

அது வேலை செய்தது. 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, எடுத்தது மொத்தம் 122 கிராம். ஒரு மனிதருக்கு மூன்றரை மணி நேரம் மூச்சுவிடப் போதும். தேவை 25 டன், கையில் 122 கிராம். வழி தெரிந்துவிட்டது, ஆனால் போக வேண்டிய தூரம் நிறைய.

'போனால் போதும், திரும்ப வேண்டாம்' என்றால்?

அப்படியும் ஒரு திட்டம் வந்தது. நெதர்லாந்தின் 'மார்ஸ் ஒன்' நிறுவனம் 2012ல் ஒருவழிப் பயணத்தை அறிவித்து, உலகம் முழுக்க விண்ணப்பம் வாங்கியது. 2015ல் தேர்வான 100 பேரில் இந்தியர்களும் இருந்தார்கள். அந்த நிறுவனத்திடம் சொந்தமாக ராக்கெட்டும் இல்லை, விண்கலமும் இல்லை. 2019ல் திவாலானது. 'செவ்வாய்க்கு ஆள் எடுக்கிறோம், கட்டணம் கட்டுங்க' என்று செல்போனில் ஏதாவது வந்தால், இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியா எங்கே நிற்கிறது?

2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூலையில் பத்திரமாகத் திரும்பினார். ககன்யானுக்கான வேலைகள் நடக்கின்றன. 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்பவை அடுத்த இலக்குகள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் அமையும் ஏவுதளம் சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகளுக்கானது. மனிதர்கள் கிளம்பப்போவது ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்துதான்.

ஆக, செவ்வாய்க்கு மனிதர்கள் போகவே முடியாது என்று எந்த அறிவியல் விதியும் சொல்லவில்லை. ஆனால் போனவர்களை உயிரோடு திருப்பிக் கூட்டி வரும் வழி இன்று எந்த நாட்டின் கையிலும் முழுசாக இல்லை. எடையைக் குறைப்பது, கதிர்வீச்சைத் தடுப்பது, அங்கேயே ஆக்சிஜன் எடுப்பது, 300 நாள் தூங்கிய இன்ஜினைத் தவறாமல் எழுப்புவது என்று தீர்க்க வேண்டிய கணக்குகள் நிறைய பாக்கி. அதில் ஒன்றிரண்டை இன்று வாசுதேவநல்லூரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவியோ மாணவரோ போட்டு முடிக்கலாம். பக்கத்து ஊர்க்காரர்கள் ஏற்கெனவே தொடங்கி வைத்த கணக்குதானே!