ஆறு மைல் சதுரத்தில் ஓர் அரசு

'டவுன்ஷிப்' என்றதும் நம் நினைவில் எழுவது ஆலைக் குடியிருப்போ, நெடுஞ்சாலையோர வீட்டுமனை விளம்பரமோதான். அமெரிக்க நாட்டுப்புறத்தில் அச்சொல் சுட்டுவது வேறொன்றை. வயல்களும் பண்ணைவீடுகளும் ஒரு தீயணைப்பு நிலையமும் ஒரு கல்லறைத் தோட்டமும் அடங்கிய நிலப்பரப்பு அது. தனக்கென வரியும் தேர்தலும் கொண்ட மிகச்சிறிய அரசு.

1831-இல் அந்நாட்டைச் சுற்றிவந்த பிரெஞ்சு அறிஞர் டோக்வில், நியூ இங்கிலாந்தின் ஊர்ச்சபைகளில் அமெரிக்க மக்களாட்சியின் வேரைக் கண்டார். அங்கே ஊர் முதலில் தோன்றிற்று. மாநிலம் பின்னர் வந்தது. மேற்கே ஒகையோ, மிச்சிகன் பகுதிகளில் நடந்ததோ வேறு. அங்கே முதலில் வந்தது கோடு.

1785-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டம் அந்தக் கோட்டை இழுத்தது. 66 அடி நீளச் சங்கிலியை அளவர்கள் காட்டிலும் சதுப்பிலும் இழுத்துச் சென்றனர். 80 சங்கிலி ஒரு மைல். பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அதனுள் 640 ஏக்கர் வீதம் 36 கூறுகள். அவற்றுள் 16-ஆவது கூறு பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. பிள்ளைகள் வருமுன்னரே பள்ளிக்கு நிலம் குறித்துவைத்த முன்யோசனையை நாம் வியக்கலாம். ஆயின் அது ஆளில்லா நிலமன்று. அங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் போராலும் ஒப்பந்தங்களாலும் விலக்கப்பட்டனர். மிச்சிகனின் மெகோஸ்டா மாவட்டம் இன்றும் ஒரு பொட்டவாட்டோமித் தலைவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பல இடங்களில் அளவைச் சதுரமே ஆட்சி எல்லையும் ஆயிற்று. மிச்சிகனில் இன்று 1,200-க்கும் மேற்பட்ட டவுன்ஷிப்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சூப்பர்வைசர், ஓர் எழுத்தர், ஒரு பொருளாளர், சில டிரஸ்டிகள். சூப்பர்வைசர் என்றால் ஆலை மேற்பார்வையாளர் போல் ஒலிக்கிறது; உண்மையில் அவர்தாம் ஊர்த்தலைவர்.

இவர்களின் கையிலிருந்த பெரும்பணி சாலை. மோட்டார் வண்டி பெருகியபின் அது சிற்றூர்களின் சக்தியை மீறிற்று. 1931-இன் மக்நிட் சட்டம் டவுன்ஷிப் சாலைகளை மாவட்டங்களுக்கு மாற்றிவிட்டது. எஞ்சியவை சொத்து மதிப்பீடு, வரிவசூல், தேர்தல் நடத்துதல், தீயணைப்பு, கல்லறை, நிலப்பயன்பாட்டு விதிகள். எஞ்சியதைக் கண்டு, இவ்வமைப்பு வெறும் எச்சம் என்று கருதுவோர் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. நிலத்தில் எது எழலாம், எது எழக்கூடாது என்று சொல்லும் உரிமை சிறிதன்று.

அதே மெகோஸ்டா மாவட்டத்தில், மூவாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் கிரீன் டவுன்ஷிப்பில் 2023-இல் இது வெளிப்பட்டது. கோஷன் என்னும் மின்கல நிறுவனம் அங்கே 236 கோடி டாலர் செலவில் ஆலை அமைக்கவும் 2,350 பேருக்கு வேலை தரவும் முன்வந்தது. மாநில அரசு ஊக்கத்தொகை அளித்தது. ஊர் மன்றமும் ஆதரித்தது. மக்களில் பலர் எதிர்த்தனர். நிறுவனத்தின் சீனத் தொடர்பு சிலருக்கு உறுத்தல், நீர்வளம் சிலருக்குக் கவலை. தம்மைக் கேளாமலே முடிவாயிற்று என்ற சினமும் உடன் சேர்ந்தது. இவற்றுள் எது அச்சம், எது நியாயம் என்று தொலைவிலிருந்து பிரிப்பது எளிதன்று. கடைசிக் குறையில் மட்டும் நியாயம் இருந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. எழுவர் கொண்ட மன்றத்தில் இருவர் முன்பே விலகியிருந்தனர். நவம்பர் 7 அன்று நடந்த திரும்ப அழைக்கும் தேர்தலில் மற்ற ஐவரும் தோற்றனர். புதிய மன்றம் ஆதரவைத் திரும்பப் பெற்றது. நிறுவனம் 2024-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடியது. 2025-இல், திட்டம் கைவிடப்பட்டதாக மாநில அரசே முடிவுகட்டியது. ஆலை எழவில்லை, வாக்களிக்கப்பட்ட 2,350 வேலைகளும் வரவில்லை.